திருப்பிப் போட்ட ஜாக்கெட்

ஜாபரின் வலது கால் போனதற்குக் காரணம் நான். அந்தப் பழியை ஏழுமலை என்கிற தண்ணீர் லாரி ஓட்டுநர் சுமக்கிறார். சுமக்கட்டும் என்று வாய் திறக்காமல் இருந்தவனும் நான்தான்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் இரண்டு பக்கம் எழுதுவதற்குள் எனக்கே என்மீது இரக்கம் சுரந்து, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான்... இருக்கட்டும், முதலில் கேளுங்கள்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், தண்ணீர் பம்புக்கான பாகங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. அளவு ஒரு முடியளவு கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பாகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவேன். பதினாறு வருடங்களாக அடுத்தவர் செய்த பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். கம்பெனியில் எனக்குப் பெயர் 'செக்கிங் சார்'. மிக்ஸி வாங்க வேண்டுமா, ஹெல்மெட் வாங்க வேண்டுமா, பிள்ளைக்குச் சைக்கிள் வாங்க வேண்டுமா, எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். 'செக்கிங் சார் ஓகே சொன்னா ஓகே!' என்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். மறைப்பானேன், தலைகால் புரியாத கர்வம் அது!

ஜாபர் லேத் ஓட்டியவன். இரும்புலியூரில் எனக்கு அடுத்த தெரு. இருவருக்கும் காலை ஆறு மணி ஷிஃப்ட். விடிவதற்கு முன்பே கிளம்பி, அவன் முன்னால் நான் பின்னால் என்று பைபாஸில் ஏறிப் போவோம். கார்த்திகையும் மார்கழியும் வந்தால் அந்த வழி பெரும் பாடு. மலைநாட்டுக்காரர்கள் நம் குளிரைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நனைந்த நெஞ்சோடு வண்டியில் போய்ப் பாருங்கள்... பல்லோடு பல் அடித்துக்கொள்ளும். ரெயின்கோட் என்று வாங்கினால் காற்றில் உப்பிக்கொண்டு படபடக்கும். ஒரே மாதத்தில் அக்குளில் கிழியும்.

"மச்சான், நல்ல ஜாக்கெட்டா ஒண்ணு பாரேன். தண்ணி உள்ள வரக் கூடாது, குளிரும் தாங்கணும். ரொம்ப வெலயும் போவக் கூடாது" என்றான் ஜாபர்.

பார்த்தேன். சும்மாவா பார்த்தேன்? மூன்று வாரம் பார்த்தேன்! வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். ஜிப்புக்கு மேலே மூடுகிற மடிப்பு ஒன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நேராக நெஞ்சுக்கு வரும் என்றும் கற்றுக்கொண்டேன். தோளிலும் முழங்கையிலும் பேடு, பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரிய மின்னும் பட்டை... எல்லாம் எனக்கு மனப்பாடம்.

பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கடைக்கு இருவரும் போனோம். ஜாபருக்கு மஞ்சள் ஜாக்கெட் ஒன்று பிடித்துப்போயிற்று. முன்னும் பின்னும் கையிலும் பட்டை வைத்தது. ஜிப்புக்கு மேல் இரட்டை மடிப்பு. விலை கொஞ்சம் கூட.

"இதைப் போட்டா ரோடு போட வந்த ஆளு மாதிரி இருப்பே" என்று சிரித்தேன்.

கடைக்காரரும் சிரித்தார். ஜாபரும் சிரித்துக்கொண்டே அதை மறுபடி ஹேங்கரில் மாட்டிவிட்டான். போகும்போது அதன் கையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். இது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருவதாகச் சொன்னால் பொய். ஒரு நாளும் மறந்ததில்லை.

நான் தேர்ந்தெடுத்தது கறுப்பு. அதன் முதுகில் மட்டும் குறுக்காக இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளிப் பட்டை. முன்னால் ஒன்றும் கிடையாது. ஜிப்புக்கு மேலே மடிப்பும் இல்லை. கடையிலேயே அதைப் பார்த்தேன். என் மேசைக்கு வந்திருந்தால் 'ரிஜெக்ட்' என்று சாக்பீஸால் கிறுக்கி எறிந்திருப்பேன். ஆனால் இரண்டாக வாங்கினால் விலை குறைப்பதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். கம்பெனியில் போய் 'இந்த விலைக்கு எப்படிப் பிடித்தேன் பார்த்தீர்களா' என்று சொல்ல வேண்டுமே எனக்கு! ஆளுக்கொன்று வாங்கினோம்.

முதல் பெருமழைக்கே குட்டு வெளிப்பட்டது. கம்பெனி வாசலில் ஜாக்கெட்டைக் கழற்றிய ஜாபரின் சட்டை கழுத்திலிருந்து வயிறு வரை ஈரம்.

"இன்னா மச்சான் இது, நெஞ்சுக்குள்ள ஃப்ரிட்ஜை வச்ச மாதிரி கீது! ஜிப்பு வழியா ஊத்துது. ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்னு கடைக்காரன் சொன்னானே... குடுத்துட்டு அந்த மஞ்சளையே வாங்கிக்கலாமா?"

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். செக்கிங் சார் என்ன சொல்லப் போகிறார் என்று என் வாயையே பார்த்தார்கள்.

அந்த ஒரு நொடியில் 'ஆமாம்டா, நான் பார்த்தது தப்பு, திருப்பிக் கொடுத்துவிடலாம்' என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? சொல்லுங்கள், என்ன குறைந்திருக்கும்? ஒருநாள் கிண்டல் செய்திருப்பார்கள். அவ்வளவுதானே!

"ஜாக்கெட்ல கோளாறு இல்லடா, போடுற விதத்துல இருக்கு. முன்பக்கத்தைப் பின்னாடி திருப்பிப் போடு. ஜிப்பு முதுகுக்குப் போயிரும். நெஞ்சுக்கு ஒரு சொட்டு வராது" என்றேன்.

புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. சட்டையையும் ஸ்வெட்டரையும் அப்படித் திருப்பி மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களை இந்தப் பக்கம் நீங்கள் எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். நீங்களே போட்டிருப்பீர்கள்.

மறுநாள் மழையில் ஜாபரின் நெஞ்சு காய்ந்தே இருந்தது. அன்றைக்கு டீ குடிக்கும் நேரத்தில் என் புகழ்தான் போங்கள்! அதே ஜாக்கெட்டை இன்னும் பத்துப் பேர் போய் வாங்கினார்கள். எல்லாரும் திருப்பித்தான் போட்டார்கள்.

நான் மட்டும் என்னுடையதை நேராகத்தான் போட்டேன். கழுத்தைப் பிடிக்கிறது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்போது வேறு ஒன்றும் என் மனத்தில் இல்லை. இதையாவது நம்புங்கள்.

அடுத்த வாரம் ஜாபரின் வண்டியில் பின்விளக்கு பழுதாகிவிட்டது. பல்பு மாற்றியும் எரியவில்லை, வயரில் எங்கோ கோளாறு. மெக்கானிக்கிடம் விட்டுவிடு என்றேன்.

"ஞாயித்துக்கெழம வுடுறேன் மச்சான். இப்ப இன்னா அவசரம்? நீ வாங்கிக் குடுத்த ஜாக்கெட்டே முதுகுல டியூப்லைட் மாதிரி மின்னுதே!" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ ஒன்று நின்றுபோனது. முதுகில்... முதுகில் எங்கே மின்னுகிறது?

மறுநாள் விடியற்காலையில் வேண்டுமென்றே அவனுக்கு இருபதடி பின்னால் போனேன். என் முன்விளக்கை ஏற்றி அவன்மேல் அடித்தேன். ஒன்றுமே இல்லை! திறந்து கிடந்த ஜிப்பின் இரண்டு பக்கமும் கறுப்பு. நடுவே கம்பெனியின் கருநீலச் சட்டை. பின்விளக்கும் இல்லாமல், அந்தத் தூறலில் இருட்டோடு இருட்டாக அவன் போய்க்கொண்டிருந்தான். வெள்ளிப் பட்டை அவன் நெஞ்சில் இருந்தது, எதிரில் வருகிறவர்களுக்காக. பைபாஸ் ஒருவழிச் சாலை. எதிரில் யாரும் வருவதே இல்லை.

பார்த்தேன். நான் பார்த்தேன்! இதைத்தான் இத்தனை நாளாக நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாமல் நடந்ததல்ல. பிழை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட இந்தக் கண்ணால், தெள்ளத் தெளிவாகப் பார்த்தேன்.

அன்று கம்பெனி வாசலில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? 'அப்ப திருப்பிப் போடாதேன்றியா? நேராப் போட்டா நனையுதே! அப்போ ஜாக்கெட்டே தப்புதானே?' என்பான். கடைக்காரர் சொன்ன ஒரு வாரமும் முடிந்திருந்தது. அவனோடு சேர்ந்து பத்துப் பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் பின்விளக்கைச் சரிசெய்துவிடுவானே... அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது? அதுவரை நான் அவன் பின்னாலேயே போய் அவனைப் பார்த்துக்கொள்வேன். என் முதுகில்தான் பட்டை மின்னுகிறதே!

இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் அப்படியே அவன் பின்னால் போகவும் செய்தேன்.

மூன்றாம் நாள் ஒருநாளைக்கு மட்டும் எனக்கு ஷிஃப்ட் மாற்றினார்கள். ஒன்பது மணிக்கு வந்தால் போதும் என்றார்கள். சந்தோஷமாகப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தூக்கத்துக்கு இதமாக இருந்தது.

ஆறு மணி தாண்டி ஃபோன் வந்தது. தண்ணீர் லாரி பின்னால் இடித்துவிட்டது என்றார்கள். ஓட்டுநர் ஓடவில்லையாம். லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, மழையில் ஜாபரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை 'தூங்கிராதீங்க பாய், தூங்கிராதீங்க பாய்' என்று பேசிக்கொண்டே இருந்தாராம். அவர் ஓடிப்போயிருந்தால் ஜாபர் பிழைத்திருக்க மாட்டான் என்று பிறகு டாக்டர் சொன்னார். எனக்கு அந்த ஓட்டுநர்மேல் கோபம் வந்தது. ஏன் ஓடவில்லை? ஓடியிருந்தால் அவர் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டியதில்லையே!

ஆஸ்பத்திரியில் ஜாபரின் மனைவி நஸ்ரின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கவரை என்னிடம் கொடுத்தாள். உள்ளே அந்த ஜாக்கெட்.

காயம்பட்டு மல்லாந்து கிடப்பவரின் உடுப்பை நெஞ்சுப் பக்கம்தான் கத்தரிக்கோலால் வெட்டித் திறப்பார்கள். அந்த வெட்டு ஜாக்கெட்டின் முதுகில் நெடுக விழுந்திருந்தது. வெள்ளிப் பட்டை நட்டநடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஜிப்பில் ஒரு பல்கூடக் கெடவில்லை. எப்படிப் போட்டிருந்தான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். நான் கவரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மதியம் காவல் நிலையத்தில் விசாரித்தார்கள். நான் என்னுடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"இதே மாதிரிதான் சார் அவனும் போட்டிருந்தான். ரெண்டு பேரும் ஒண்ணா வாங்கினோம். தினமும் போட்டுட்டுத்தான் வருவான்" என்றேன்.

பார்த்தீர்களா? ஒரு சொல்லாவது பொய்யா? எவ்வளவு கச்சிதமாக அளந்து பேசியிருக்கிறேன் பாருங்கள்!

அந்த அதிகாரி என்னைத் திரும்பச் சொல்லி, டார்ச்சை என் முதுகில் அடித்தார். சுவரெல்லாம் வெளிச்சம். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஏழுமலையைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னாய்யா, இவ்ளோ பெருசா மின்னுது! இது உனுக்குத் தெரியலையா? தூங்கிகினு வந்தியா?"

"இல்ல சார்... லைட்டு போட்டுத்தான் வந்தேன். நாப்பதுலதான் சார் வந்தேன். கறுப்பா இருந்துச்சு சார், எதுவும் மின்னல. சத்தியமா மின்னல சார்."

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. ஏழுமலை என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. 'நீங்களாவது சொல்லுங்களேன்' என்பதுபோல் பார்த்தார். நான் ஜாக்கெட்டின் கழுத்தைச் சரிசெய்துகொண்டேன்.

வண்டியின் பின்பக்கம் நொறுங்கிப் போயிருந்ததால் பின்விளக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஜாபருக்கு நினைவு திரும்ப இரண்டு நாளாயிற்று. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த வலியில் அவனும் எதையும் யோசிக்கவில்லை. ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள், அவனும் நம்பினான். இப்போது வீட்டில்தான் இருக்கிறான். போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்கிறான்.

"நீ வாங்கிக் குடுத்த ஜாக்கெட்ல பேடு இருந்துச்சோ, தோளு தப்பிச்சுதோ! இல்லாட்டி கையும் போயிருக்கும் மச்சான்."

நஸ்ரின் எனக்கு டீ கொண்டுவந்து தருகிறாள். நான் குடிக்கிறேன்.

போன மாதம் போனபோது அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான், உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிகினே கீறேன்... நீ வந்தா மறந்துடுது" என்றான். அவனுக்கு என்ன வேலை இப்போது? நாளெல்லாம் உட்கார்ந்து யோசிப்பதுதான் வேலை. தினமும் காலையில் எப்படி மாட்டினோம், எந்தப் பக்கம் முன்னால் இருந்தது... ஒருநாள் ஞாபகம் வரும். வராமல் போகாது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுகூட இல்லை.

ஆடி மாதம் ஒருநாள், ஷிஃப்ட் முடிந்து எதிரேயிருந்த டீக்கடைக்குப் போனேன். அங்கே ஏழுமலை நின்றிருந்தார். ஜாமீனில் வந்தவர். மெலிந்து பாதியாகியிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். கோவிச்சுக்காதீங்க" என்றார். "மூணு எடத்துல கண்ணு டெஸ்ட் பண்ணிட்டேன். நல்லாத்தான் இருக்குன்றாங்க. அப்புறம் ஏன் எனக்குத் தெரியாமப் போச்சு? வண்டியத் தொட்டே எட்டு மாசமாச்சு அண்ணா. எம்பொண்ணக் கையப் புடிச்சு ரோட்டத் தாண்டவே பயமா இருக்கு. எதனா வந்து, எனக்கு மட்டும் தெரியாமப் போயிருமோன்னு..."

நான் டீயை ஆற்றினேன்.

"நீங்க தெனமும் அவரு பின்னாடி வர்றவராமே. சொல்லுங்கண்ணா. அது மின்னுமா? மின்னாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கேஸுக்கு இல்ல. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

கேட்டீர்களா? வழக்குக்காகக் கேட்கவில்லை அந்த மனிதர். தன் கண்ணைத் தான் நம்பலாமா என்று கேட்கிறார்! ஒரே ஒரு சொல். என் கால் போகாது, வேலை போகாது. சுற்றிலும் யாருமே இல்லை. பத்துப் பேர் பார்த்துச் சிரிப்பார்கள் என்கிற சாக்குகூட அன்று எனக்கு இல்லை.

"மின்னும்" என்றேன். "நல்லாவே மின்னும்."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். "அப்ப என் கண்ணுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் டீக்கும் சேர்த்து அவரே கொடுத்துவிட்டுப் போனார். சாலையைத் தாண்டுவதற்கு வெகுநேரம் நின்றார். இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு வண்டியும் இல்லை. அப்படியும் நின்றுகொண்டே இருந்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். பயம் என்றால் பாதிதான் உண்மை. ஒருமுறை 'மின்னாது' என்று சொல்லிவிட்டால், பார்த்தும் சொல்லாமல் விட்டவன் என்று நானே என்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க ஒரு மனிதரின் கண்ணையே பறித்துக்கொண்டேன். நான் அப்படிப்பட்டவன்!

வெட்டுப்பட்ட ஜாக்கெட் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. போகிக்கு முன்னால் என் மனைவி கலா, "ஏங்க, இந்தக் கவர்ல என்ன? எடுத்துப் போட்டுடவா?" என்றாள். அவள் கையிலிருந்து பிடுங்கி உள்ளே தள்ளினேன். எரித்துவிட்டால் ஏழுமலைக்கு இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். எடுத்துக் கொடுத்தாலோ... அவருடைய வழக்கு இன்னும் நடக்கிறது. எரிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. இதை மனசாட்சி என்று நினைத்து எனக்குப் பரிந்து பேசாதீர்கள்.

மறுபடியும் கார்த்திகை வந்துவிட்டது.

இன்று காலை இந்த வருடத்தின் முதல் பெருமழை. இருட்டில் பைபாஸ் ஏறும் இடத்தில் எங்கள் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். நான் கடைசியில் போனேன். முன்விளக்கைப் போட்டதும் அவர்கள் முதுகுகள் தெரிந்தன. எண்ணினேன். பத்து. பத்தும் கறுப்பு. ஒன்றும் மின்னவில்லை.

ஜாபருக்கு ஏன் அப்படி நடந்தது என்று இவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. 'நேராப் போடுங்கடா' என்று இன்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், ஜாபர் எப்படிப் போட்டிருந்தான் என்று யோசிப்பார்கள். அப்புறம் எல்லாம் வந்துவிடும்.

எங்களுக்குப் பின்னால் லாரிகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ஹாரனுக்கும் கண்ணாடியைப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் வாயைத் திறந்தேன். இரண்டு முறை திறந்தேன். ஜிப்பு வழியாகத் தண்ணீர் என் நெஞ்சில் இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டோம். இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி வாசலில் ஜாக்கெட்டைக் கழற்றி உதறிய ஒருவர், காய்ந்த சட்டையைத் தட்டிக் காட்டி உரக்கச் சொன்னார்:

"செக்கிங் சார், சூப்பர் சார் உங்க ஐடியா! ஒரு சொட்டு உள்ள வரல."

நான் சிரித்தேன்.

நாளைக் காலையும் மழை இருக்கும் என்கிறார்கள்.